சீரோடு போன பை

இந்திராணி தூங்காமல் இருந்தாள். சும்மா விழித்திருப்பது வேறு, தூங்காமல் இருப்பது வேறு, இரண்டாவது முதுகை ஒடிக்கிற வேலை. மாப்பிள்ளை ஊரான தேனியில் மாப்பிள்ளை வீட்டார் பிடித்த கல்யாண மண்டபம், மாடியில் மணமகள் அறை, அறை முழுக்க ஜமுக்காளம், ஜமுக்காளம் முழுக்கப் பெண்கள், பந்தியில் பாயசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்து, பட்டுப்புடவை கசங்குமே என்ற கவலைகூட இல்லாமல் சாய்ந்துவிட்டவர்கள். காலையில் தாலி ஏறிவிட்டது. மகள் சிந்துஜாவும் மாப்பிள்ளையும் விளக்கேற்றிப் பால்பழம் சாப்பிட, நாலு தெரு தள்ளியிருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், பின்னாலேயே சீர் வண்டியும் போய்விட்டது, சாயங்காலம் ரிசப்ஷனுக்கு எல்லோரும் திரும்பி வருவார்கள். பெண்ணைப் பெற்றவள் அந்த முதல் நடைக்குக் கூடப் போகிற வழக்கமில்லை. ஆகவே அவளுக்கு இப்போது ஒரு வேலையும் கிடையாது, படுத்தால் ஏனென்று கேட்பாரில்லை, படுங்க மதினி, முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு என்று மாப்பிள்ளையின் அத்தை லோகநாயகி தன் தலையணையையே எடுத்து இவள் பக்கம் தள்ளிவிட்டாள். மரியாதைக்காக வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள் இந்திராணி. மடியில் வைத்தது தப்பு. வைத்ததும் முழங்கை அதில் போய் ஊன்றியது, முழங்கை ஊன்றினால் உள்ளங்கை சும்மா இருக்குமா, கன்னத்தைத் தேடி வந்தது, கன்னத்துக்கு இடம் கிடைத்ததும் ஏசி சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது, மல்லிகைப்பூ வாசனை தள்ளிப் போனது, யாரோ யாரிடமோ அந்த ரவிக்கை தைச்சது எங்கே என்று கேட்டது பாதியிலேயே நின்றது. வெடுக்கென்று தலை விழுந்து எழுந்தது. தொண்டைக்குள் ஒரு உறுமல் புறப்பட்டு, வாசல் வரைக்கும் வந்து, நல்ல வேளை, இருமலாக மாறிவிட்டது. லோகநாயகி திரும்பிப் பார்த்தாள். பாயசத்துல ஏலக்காய் ஜாஸ்தி, தொண்டையைப் பிடிக்குது என்றாள் இந்திராணி. ஏலக்காய்க்குத் தொண்டையைப் பிடிக்கிற குணம் உண்டா என்று அவளுக்கே தெரியாது.

பை மட்டும் கையில் இருந்திருந்தால் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, தலைவலி, யாரும் தட்டாதீங்க என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கலாம். அதற்காகத்தானே அந்தச் சின்ன அறையைத் தனியாகக் கேட்டு வாங்கி வைத்தது. சாம்பல் நிறப் பை, கைப்பிடி வைத்தது, ஜிப்பு போட்டது, பார்த்தால் உள்ளே ஏதோ விலை உயர்ந்த சாமான் இருக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும், அந்தப் பவிசுதான் வினையாகிவிட்டது. நேற்று சாயங்காலம் திண்டுக்கல்லிலிருந்து வேனில் வந்து இறங்கியதும் சாமான்களைக் கீழறையில் குவித்திருந்தார்கள். மிக்சி, கிரைண்டர், குக்கர், எவர்சில்வர் அண்டா, தலையணை மெத்தை, அதற்குப் பக்கத்திலேயே இந்தப் பை. விடியற்காலையில் சீர் பரப்புகிற வேலையைத் தங்கச்சி தமயந்தியிடம் கொடுத்திருந்தாள். தமயந்தி எதையும் அரைகுறையாகச் செய்கிறவளில்லை. அண்டாவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள், கிரைண்டருக்கு வைத்தாள், மிக்சிக்கு வைத்தாள், பையைப் பார்த்தாள், இது என்னவோ வீடு கூட்டுகிற மிஷின் போலிருக்கிறது, அக்கா யாரிடமும் சொல்லாமல் பெண்ணுக்கு வாங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அதற்கும் மூன்று இடத்தில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், கைப்பிடியில் ஒரு முழம் கதம்பம், மேலே வெற்றிலை பாக்கு. இந்திராணி குளித்துவிட்டு, தலையில் துண்டோடு மேடைப் பக்கம் வந்தபோது அவளுடைய மூச்சு மெத்தைக்கும் அண்டாவுக்கும் நடுவில் பூச்சூடி உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபையில் வைத்த சீரைத் திரும்ப எடுப்பதா. எடுத்தால் என்னவென்று கேட்பார்கள், கேட்டால் என்னவென்று சொல்வது. கணவர் பூபாலனைத் தேடிப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போய்ச் சொன்னாள். அவர் சீரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், சிரிப்பு வந்ததை அடக்குவது முகத்தில் தெரிந்தது. விடு இந்திரா, நாளைக்கு மறுவீட்டுக்கு வரும்போது சிந்து எடுத்துட்டு வந்துருவா, ஒரு நாள்தானே என்றார். ஒரு நாள்தான். அவருக்கு ஒரு நாள். அதற்கு முந்தின ராத்திரியும் ஒன்று இருந்தது, சின்ன அறையின் சாவி காலையில்தான் கிடைக்கும் என்று மண்டபத்தில் சொல்லிவிட, பெண்கள் எல்லாம் ஒரே கூடத்தில் படுத்ததில் பையிலிருக்கிற மூச்சு மிஷினை எடுக்க முடியாமல், நகைப்பெட்டிக்குக் காவல் இருக்கேன் என்று சொல்லிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தது. பொண்ணுக்குத் தாய்னா இப்படி இருக்கணும் என்று அப்போதும் இந்த லோகநாயகிதான் எழுந்து எழுந்து பார்த்துவிட்டுப் பாராட்டினாள்.

கிராம்பு ஒன்றை எடுத்துக் கடித்தாள். நாக்கு எரிந்தது, எரிகிற வரைக்கும் லாபம். தமயந்தி பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, மூக்கால் மெல்லிசாக ஒரு சீட்டி அடித்துக்கொண்டிருந்தாள். அதையும் குறட்டை என்றுதான் சொல்வார்கள், கேட்கிறவர்கள் செல்லமாகச் சிரிப்பார்கள். இந்திராணியின் குறட்டைக்கு அப்படி யாரும் சிரித்ததில்லை. ஆம்பளை குறட்டை விட்டால் அசந்து தூங்குறார் பாவம் என்பார்கள், பொம்பளை விட்டால் என்ன ஜென்மமோ என்பார்கள், இதில் நியாயம் கேட்க எந்த ஆபீசுக்கு மனு எழுதுவது. ஆபீஸ் என்றதும் ஆபீஸ் வந்தது, தபால் ஆபீஸ் கவுண்டர், கம்பி வலை, அந்தப் பக்கம் பென்ஷன் வாங்க வந்த கண்ணாடிக்காரர், இந்தப் பக்கம் முத்திரையைக் கையில் தூக்கியபடியே தூங்கிப்போன இந்திராணி. தூக்கிய கை தூக்கியபடி நின்றதாம். அம்மா, அம்மா, குத்திட்டுத் தூங்குங்கம்மா என்று அவர் கெஞ்சியிருக்கிறார். அதை ஆபீசில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரித்ததுதான் தப்போ, அப்போதே டாக்டரிடம் போயிருந்தால் அந்த மதுரைக்காரர்கள் வந்த அன்று அப்படி நடந்திருக்காது. சிந்துஜாவைப் பார்க்க வந்த முதல் வரன் அது. பையன் நல்ல பையன். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, கேசரித் தட்டை நீட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விழித்தபோது கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை, எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பையனின் அம்மா மட்டும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் தொண்டையிலிருந்து கடைசியாகப் புறப்பட்ட சத்தத்தின் வால் இவளுக்கே கேட்டது. இரண்டு நாளில் தரகர் வந்து சொன்னார். குடும்பத்துல ஏதோ வியாதி இருக்கும் போல, பொண்ணுக்கும் வரும்னு யோசிக்கிறாங்க. சிந்துஜா அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு வந்து, எந்திரி அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள், அவ்வளவுதான் சொன்னது. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, அழுது, ஆறிப்போயிருக்கும். திட்டாத பிள்ளைக்கு என்ன கைம்மாறு செய்வது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டி, மூக்கில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, விரலில் ஒன்று மாட்டி, இப்போ வழக்கம் போலத் தூங்குங்கம்மா என்றார்கள். இவ்வளவையும் மாட்டிவிட்டு வழக்கம் போல. ஆனால் தூங்கினாள், அதுதான் வெட்கம், ஒயரோடு ஒயராகத் தூங்கிப்போனாள். காலையில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா திரையில் கோடு கோடாகக் காட்டினாள். கோடு குதிக்கிற இடமெல்லாம் மூச்சு, கோடு படுத்துக் கிடக்கிற இடமெல்லாம் மூச்சு இல்லை. படுத்துக் கிடந்த இடம்தான் நிறைய. நீங்க தூங்கவே இல்லம்மா, தூக்கத்துல நாக்கு பின்னால சரிஞ்சு தொண்டையை அடைக்குது, மூச்சு நிக்குது, மூளை பயந்துபோய் எழுப்பி விடுது, மறுபடி சரியுது, ராத்திரி பூரா இதே பாடு. அதுதான் பகலெல்லாம் தூக்கம், அதுதான் பிரஷர், அதுதான் நெஞ்சு தாறுமாறா அடிக்கிறது. இனிமே மிஷின் இல்லாமப் படுக்கக் கூடாது, மத்தியானம் கண்ணசந்தாலும் மாட்டிக்கணும், முக்கியமா மல்லாந்து படுக்கவே கூடாது. இந்திராணிக்கு அந்தப் படுத்துக் கிடந்த கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவளுடைய அப்பா மல்லாந்துதான் படுப்பார். அவர் குறட்டை தெருவுக்கே கேட்கும், அடங்கும், அடங்கிய இடத்தில் வீடே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும், மறுபடி ஒரு வெடியோடு கிளம்பும், அம்மா பெருமூச்சு விட்டுவிட்டுப் புரண்டு படுப்பாள். ஒரு நாள் அடங்கிய இடத்தோடு நின்றுவிட்டது. புண்ணியவான், தூக்கத்துலயே போயிட்டாரு, ஒரு வலி இல்ல ஒரு வாதை இல்ல என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள், இவளும் அதையே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி ஆறுதல்பட்டிருக்கிறாள். எங்க அப்பாவும் இப்படித்தான் போனாரா என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள். பார்க்காம எப்படிம்மா சொல்றது, இருக்கலாம் என்றாள் அந்தப் பெண். இருக்கலாம் என்ற ஒரு சொல், அதற்குப் பிறகு அப்பாவை நினைக்கிறபோதெல்லாம் அவர் தூங்கவில்லை, மூச்சைத் தேடித் தட்டழிந்துகொண்டிருக்கிறார், பக்கத்தில் அம்மா புரண்டு படுக்கிறாள். போதும். அதை இப்போது நினைக்காதே. கிராம்பைக் கடி.

மிஷின் வந்த புதிதில் அதைத் தொடவே பிடிக்கவில்லை. மூக்கின் மேல் ரப்பர்க் கிண்ணம், தலையைச் சுற்றிப் பட்டை, கிண்ணத்திலிருந்து ஒரு குழாய், பொத்தானை அழுத்தினால் காற்று புஸ்ஸென்று தொண்டைக்குள் வந்து, விடு, நான் பார்த்துக்கிறேன் என்று இவளைத் தள்ளிவிட்டுத் தானே மூச்சு விட ஆரம்பித்துவிடும். ஜன்னல் திறந்த பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பது போல. பிள்ளையாரப்பா, இந்தப் பக்கம் திரும்பு என்றார் பூபாலன், தும்பிக்கையைச் சொல்கிறாராம், முதல் வாரம் முழுக்க அதே பேச்சு, சிரிப்பு வராதபோதும் விடவில்லை. முதல் நாள் காலையில் எழுந்து, அடுப்பில் பால் வைத்து, அது பொங்குகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், தான் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பதே தெரிந்தது, தலைக்குள் எப்போதும் இருக்கிற ஈரத்துணி இல்லை. இத்தனை வருஷமும் மற்றவர்களெல்லாம் இப்படித்தான் எழுந்திருந்தார்களா, இதை வைத்துக்கொண்டுதான் தன்னைச் சோம்பேறி என்றார்களா. அன்றைக்கு அழுதாள், பால் அடிப்பிடித்தது. அதற்குப் பிறகு மிஷினும் அவளும் ஒன்றாகிவிட்டார்கள். கன்னத்தில் பட்டையின் தடம் விழும், பவுடர் போட்டு மறைப்பாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சிந்துஜாதான் கிண்ணத்தைச் சோப்பு நுரையில் கழுவி, குழாயை அலசி, கொடியில் துணிகளுக்கு நடுவில் வெளியே தெரியாமல் காயப்போடுவாள். வெளியே தெரியாமல் என்பது இந்திராணி போட்ட சட்டம். தமயந்திக்குக்கூடத் தெரியாது, தமயந்திக்குத் தெரிந்தால் திண்டுக்கல்லுக்குத் தெரிந்த மாதிரி. இரண்டாவது வரன், இந்தத் தேனி மாப்பிள்ளை ராம்பிரகாஷ் வீட்டார் வந்தபோது, இந்திராணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள், போகும்போது லோகநாயகி, பொண்ணோட அம்மா நல்ல சுறுசுறுப்பு என்றாள். அந்தச் சுறுசுறுப்பு அலமாரிக்குள் பையில் இருந்தது. இன்று காரில் ஏறும் முன்னால் சிந்துஜா மாலையும் கழுத்துமாகக் குனிந்து இவள் காலைத் தொட்டுவிட்டு, நிமிரும்போது காதோரம், அம்மா, பை சீருல இருக்கு, பாத்தியா என்றாள். பாத்தேன், நீ போ, நான் பாத்துக்கறேன் என்றாள் இவள். நான் போய் எடுத்து என் பெட்டிக்குள்ள வச்சுக்கறேன், நீ மட்டும் தூங்கிராதே என்றது பிள்ளை. தாலி கட்டிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அம்மாவிடம் சொல்ல இருந்த கடைசி வார்த்தை அதுதான்.

லோகநாயகியின் போன் அடித்தது. அவள் எப்போதும் போனைக் காதில் வைக்கிற வழக்கமில்லை, ஸ்பீக்கரில் போட்டு, அப்பளத்தைப் பிடிக்கிற மாதிரி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். அவள் மகள் சுகன்யா, மாப்பிள்ளை வீட்டிலிருந்து. அம்மா, சாமானெல்லாம் பிரிச்சுப் பாத்துக்கிட்டிருந்தோம் என்றது போன். இந்திராணி நிமிர்ந்தாள். அந்தச் சாம்பக் கலர் பை இருந்துச்சுல்ல, அது வேக்குவம் கிளீனர்னு நம்ம அத்தை திறந்தாங்கம்மா, உள்ள பாத்தா மாஸ்க்கும் குழாயும் இருக்கு. நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரியில இதே மிஷின் இருக்கும்மா, தூக்கத்துல மூச்சு நிக்கிறவங்களுக்கு மாட்டுறது. லோகநாயகி போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள், குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, யாருக்குடி என்றாள். யாருதுன்னு கேட்டோம். சிந்துஜா அக்காவே எந்திரிச்சு வந்து, என்னோடதுதான், எனக்குத்தான் அந்த வியாதின்னு சொல்லிருச்சு. பையை வாங்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மாமா முகத்தைப் பாக்க முடியல. அத்தானுக்கும் தெரியாது போல.

இந்திராணி மடியிலிருந்த தலையணையை எடுத்துத் தள்ளி வைத்தாள். பாவி மகளே. உன்னை யார் கேட்டது. விளக்கேற்றி அரை நாள் ஆகவில்லை, புகுந்த வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும், என் நோயை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே. பெட்டிக்குள் வைக்கப் போனவளுக்கு முந்திக்கொண்டு திறந்துவிட்டார்கள், அம்மாவோடது என்றால் அம்மா சாயங்காலம் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாள் என்று யோசித்திருக்கும், அந்தக் கேசரித் தட்டு நாள் ஞாபகம் வந்திருக்கும், ஒரு நிமிஷத்தில் முடிவெடுத்திருக்கும், அது அப்படித்தான், சின்னதிலிருந்தே. லோகநாயகி போனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மதினி என்றாள்.

"அது என்னோடது மதினி. சிந்துவோடது இல்ல. எனக்குத்தான் அந்த வியாதி. தங்கச்சி தெரியாம சீரோட வச்சுட்டா."

லோகநாயகி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நிஜமான அன்போடுதான் பிடித்தாள்.

"பெத்த மனசு எனக்குத் தெரியாதா. நானும் பொண்ணு வச்சிருக்கிறவதான். நம்ம பொண்ணுக்கு ஒண்ணுன்னா நமக்குன்னு சொல்லத்தான் தோணும்."

"இல்ல மதினி, நெசமாவே எனக்குத்தான். அவங்க அப்பாவைக் கேட்டுப் பாருங்க."

"அவரு மட்டும் என்ன சொல்லப்போறாரு. அந்தப் பிள்ளையே தன் வாயால சொல்லிருச்சு. நீங்க நேத்து ராத்திரி முழுக்க ஒரு பொட்டுக் கண்ணை மூடல, நானே பாத்தேனே. இப்பவும் நாங்கெல்லாம் உருண்டு கெடக்கோம், நீங்க மட்டும் குத்துக்கல்லா உக்காந்திருக்கீங்க. தூக்க வியாதிக்காரி இருக்கிற லட்சணமா இது."

தூங்காமல் இருக்கப் பட்ட பாடெல்லாம் சாட்சியாகி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டது. லோகநாயகி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், ரிசப்ஷன் முடியட்டும், பெரியவங்க உக்காந்து பேசுவோம், நல்ல டாக்டரா பாத்து பொண்ணை ஒரு தடவை முழுசா செக்கப் பண்ணிருவோம், நாளைக்கு ஒரு பிள்ளை பெறணும்னா இதெல்லாம் பாக்கணும்ல, மாப்பிள்ளையோட அப்பா, எங்க அண்ணன்தான் கொஞ்சம் கோவக்காரரு, மறைச்சுட்டாங்கன்னு நெனைப்பாரு. மெதுவாகத்தான் சொன்னாள், ஒவ்வொன்றும் பஞ்சுத் தலையணையால் அடிப்பது போல வந்து விழுந்தது. இந்திராணி கேட்டுக்கொண்டே இருந்தாள், கேட்கக் கேட்க அவளுக்கு ஆச்சரியமாக ஒன்று நடந்தது, பயம் போய்விட்டது. இவ்வளவு நாளாக எதற்குப் பயந்தாளோ அது நடந்தே விட்டது, அவளுக்கு நடக்காமல் பிள்ளைக்கு நடந்துவிட்டது, இனி அதைத் திருப்பித் தன் பக்கம் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆஸ்பத்திரிக் காகிதம் திண்டுக்கல்லில் பீரோவில் இருக்கிறது. கையில் இருப்பது ஒன்றே ஒன்று. முன்னும் பின்னும் யோசித்தாள், யோசிக்கும்போதே தலை ஒரு பக்கம் சரிந்தது, அதைத் தூக்கவில்லை. எழுந்து போய்த் தமயந்தியைத் தட்டி எழுப்பினாள்.

"தமயந்தி, எந்திரி. நான் சொல்றதைக் கேளு. நான் இப்பத் தூங்கப்போறேன். தூக்கத்துல எனக்கு மூச்சு நிக்கும். கொஞ்ச நேரத்துல தானா வந்துரும், பயந்துக்காதே. ரொம்ப நேரம் வரலேன்னா தோளைப் பிடிச்சு உலுக்கு. தண்ணி கிண்ணி தெளிச்சுராதே, பட்டுப்புடவை."

"என்னக்கா உளறுற," என்று தமயந்தி கண்ணைக் கசக்கினாள்.

"உனக்கு அப்புறம் சொல்றேன். மதினி, நீங்களும் இங்கன தள்ளி உக்காருங்க. உங்களுக்காகத்தான் படுக்கறேன். கொஞ்சம் இருந்து கேளுங்க."

லோகநாயகி இவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். இந்திராணி தலையணையைத் தட்டிப் போட்டாள். ஒருக்களித்துப் படுக்கலாமா என்று ஒரு கணம் உடம்பு கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மல்லாந்து படுத்தாள். கூரையில் பொய்க்கூரை, சதுரம் சதுரமாக, ஒரு சதுரத்தின் ஓரத்தில் மழை ஒழுகிய கறை. அப்பா ஞாபகம் வந்தது, வரட்டும் என்று விட்டாள், இன்றைக்காவது பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. முந்தானையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள், கைகளை நெஞ்சின் மேல் வைத்தால் பிணம் மாதிரி இருக்குமே என்று பக்கவாட்டில் போட்டுக்கொண்டாள், கண்ணை மூடினாள். தூக்கம் எங்கிருந்தோ வரவில்லை, நேற்றிலிருந்து வாசலிலேயே நின்றிருந்தது, கதவைத் திறந்ததும் உள்ளே நுழைந்துவிட்டது. ஏசி தள்ளிப் போனது, தமயந்தி யாரிடமோ என்ன என்ன என்று கேட்டது தள்ளிப் போனது, தாடை கழன்று கீழே இறங்குவது நன்றாகத் தெரிந்தது, நாக்கு பின்பக்கம் கனத்து, டாக்டரம்மாவின் திரையில் கோடு ஒன்று குதித்துக் குதித்து, சிந்து அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏன் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாய், உள்ளே வா, கொடியில் துணி, பால் பொங்குகிறது, யாரோ மண்டபத்துக் கூடத்தில் பெஞ்சை இழுத்துப் போடுகிறார்கள், இவ்வளவு சத்தமாகவா இழுப்பது, தூக்கிப் போடலாமே, இழுக்கிறார்கள், இழுக்கிறார்கள், நிறுத்திவிட்டார்கள், நல்லது, அமைதியாக இருக்கிறது, தண்ணீருக்கு அடியில் இருப்பது போல, மேலே யாரோ குனிந்து பார்க்கிறார்கள், மேலே போக வேண்டும், போகலாம், என்ன அவசரம், போக வேண்டும்.

இரண்டு கைகள் தோளைப் பிடித்து உலுக்கின. தமயந்தியின் கைகள் இல்லை, வளையல் வேறு. பெரிய வெடிச்சத்தத்தோடு காற்று உள்ளே வந்தது. மதினி, மூச்சு விடுங்க மதினி, விடுங்க என்றது லோகநாயகியின் குரல். அப்புறம் அதே குரல் போனை நோக்கித் திரும்பியது. அடியே சுகன்யா, அது அந்தப் பிள்ளையோடது இல்லடி, இவங்களோடது, கண்ணால பாத்துட்டேன், மூஞ்சி கறுத்துப்போச்சு, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உங்க மாமாகிட்டப் போனைக் குடு. சீராவது மண்ணாவது, அந்தப் பையை அந்தப் பிள்ளை மடியிலேருந்து வாங்கி யார்கிட்டயாவது வண்டியில குடுத்துவிடச் சொல்லு, உடனே.

இந்திராணிக்கு எல்லாம் கேட்டது. எழுந்து உட்கார்ந்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அறையின் அந்தக் கோடியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் எழுந்து உட்கார்ந்து, என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கேட்கட்டும் என்று அவள் புரளாமல் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.